திறக்காத ஜாதகம்

உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்துவந்த கிருபா, கேட்பவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகமும் போட்டுக் கொடுத்தாள். அம்மா குழந்தையம்மாளுக்கு அது ஆகவே ஆகாது.

"ஞாயித்துக்கெழம வேதக்கோயில்ல பாடிப்போட்டு, திங்கக்கெழம ராகு கேது பாக்கறயா கண்ணு?"

"நான் எங்கீங்கம்மா பாக்கறேன்? மெஷின் போடுது" என்று கிருபா தப்பித்துக்கொள்வாள்.

அந்த ஞாயிறு மாலை, சபையில் கொடுத்த பைபிள் சிடியை அதே கம்ப்யூட்டரில் ஏற்றினாள். நடுநடுவே அது என்னவோ கேட்டது. வேதப் புத்தகம் கேட்பதற்கு 'நோ' சொல்ல விரல் வரவில்லை. எல்லாவற்றுக்கும் 'யெஸ்' கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜாதக புரோகிராம் திறக்கவில்லை. ஏதோ டி.எல்.எல். ஃபைல் சரியில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு, மகளுக்குப் பொருத்தம் பார்க்க வந்திருந்த பாப்பாயி பதறினாள். "ஏனுங்க அம்மணி, மத்தியானம் மாப்பள ஊட்டுக்காரங்க வாராங்க. பொருத்தம் தெரியாம நான் என்னங்க பதில் சொல்றது?"

"கர்த்தரே பூட்டிப்போட்டாரு. தொறக்காத கண்ணு" என்றாள் அம்மா.

"எந்தச் சாமி பூட்டுனா என்னங்க, சாவி உங்க புள்ளகிட்டத்தானுங்களே இருக்குது!"

கிருபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பூட்டியே கிடக்கட்டுமே என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. அப்படிக் கிடந்தால் எவ்வளவு நிம்மதி! ஆனால் கண் தன்பாட்டுக்கு ஃபைல்களின் தேதியைத் தேடியது. கிடைத்துவிட்டது. பல புரோகிராம்கள் பொதுவில் எடுத்துக்கொள்ளும் ஃபைல் அது. நேற்று அவள் கொடுத்த 'யெஸ்'ஸில், பைபிள் சிடி தன்னுடைய பழைய பிரதியைக் கொண்டுவந்து, அங்கிருந்த புதியதை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். காரணம் இத்தனை சின்னதாக இருந்தது அவளுக்கு ஏமாற்றமாயிருந்தது.

பழையதைப் பைபிளின் ஃபோல்டருக்குள்ளேயே நகர்த்தினாள். ஜாதக ஃபிளாப்பியிலிருந்து புதியதைப் பொது இடத்தில் போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். ஆதியாகமம் திறந்தது. அதை மூடியபின் ஜாதகமும் திறந்தது.

"ரெண்டும் ஓடுதா?" அம்மாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஓடுதுங்கம்மா."

திறக்காமல் போயிருந்தால் கடவுள் தடுத்தார் என்றிருக்கலாம். இப்போது தடுப்பார் யாருமில்லை. ஜாதகம் போடுவதும் போடாதிருப்பதும் அவள் கையில் இருந்தது. அது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கிருபா திரும்பிப் பார்க்கவில்லை.

"புள்ள எத்தன மணிக்குங்க பொறந்தா?" என்று பாப்பாயியைக் கேட்டாள்.