கிளுவை வேலியில் பெயர் தெரியாத ஒன்று

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. வெள்ளகோவில் பக்கம் ஒரு கிளுவை வேலி*, அதில் விரல் கணு அளவில் ஒரு வெட்டுக்கிளி. மீசை மட்டும் உடம்பைவிட நீளம். கீர்த்தனாவை அதற்குப் பிறகுதான் உண்டாக்கினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பசுமை போர்த்திய அந்த மாலையில்...'

[வேண்டாம். வெள்ளகோவிலில் பசுமை போர்த்த முதலில் மழை பெய்யவேண்டும்.]

*முள்செடியை நட்டு வளர்த்த உயிர்வேலி. மேய்ச்சல் காட்டைச் சுற்றி இருக்கும்.

2

கீர்த்தனாவுக்குப் பனியன் கம்பெனியில் ஷேடு பார்க்கும் வேலை. சாயமேறிய துணியில் நிறம் ஒரு பொட்டு மாறினாலும் வேறு லாட் என்று ஒதுக்கிவிடுவாள். அவளுடைய பெரியப்பா வெள்ளியங்கிரி தன் காட்டின் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுக்குச் சுவர் எழுப்பப்போகிறார்.

"இது சாதா வெட்டுக்கிளி இல்லீங்க பெரிப்பா. மீசையப் பாருங்க."

"சேரி கண்ணு. பேரென்ன?"

"இன்னும் தெரியலீங்க."

"பேரே தெரியாததுக்கோசரம் செவுத்த நிறுத்தறதா? ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு, பாக்கலாம்."

[இவரை வில்லனாகத்தான் எழுதினேன். மனிதர் ஒத்துவரவில்லை. ஆடு மேய்க்க ஆள் கிடைக்காத காட்டை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?]

3

அவள் பச்சையில் ஒன்று, பழுப்பில் ஒன்று பிடித்து இரண்டு பாட்டிலில் அடைத்தாள். இரண்டு வகை என்று அடித்துச் சொன்னாள். ஷேடு பார்க்கிறவள் வேறெப்படிச் சொல்வாள்? நான் தடுக்கவில்லை. பூச்சிக்கு ஷேடு கார்டு கிடையாது, ஒரே இனத்தில் இரண்டு நிறமும் பிறக்கும்.

சாயங்காலம் இரண்டும் இறக்கையை உரசிப் பாடின. ஒரே தாளம், ஒரே இடைவெளி. இனத்துக்கு இனம் மாறுகிற வால்நுனிக் கொக்கியும் ஒன்றுபோலவே இருந்தது. அவள் தன்னை நினைத்தே சிரித்துக்கொண்டாள்.

4

ஞாயிறு, ஜேசிபி வந்துவிட்டது.

ஒரு முடிவு: ஏதோ ஒரு பெயரை அடித்துவிடுகிறாள். [நிறம் மாறிய துணிக்கு ஓகே போடாத கை அது. பொய் வராது.]

இன்னொரு முடிவு: பெரியப்பா பாட்டைக் கேட்டு உருகி... [அவரையும் எனக்குத் தெரியும்.]

நடந்தது இவ்வளவுதான். அவள் இரண்டு பாட்டிலையும் வேலியில் திறந்துவிட்டாள்.

"பேரு கெடைக்கலீங்க பெரிப்பா. ரெண்டும் ஒண்ணுதான்னு மட்டும் இப்ப நிச்சயமாத் தெரியும். இன்னும் தேடோணும். அதுக்கு இந்த வேலி இருக்கோணுமுங்க."

மனிதர்களுக்கு அரை நிமிடத்தில் பெயர் வைத்த நான் பூச்சிக்கு வைக்கமாட்டேன். அவள் சொல்லாத பொய்யை நான் சொல்வது அவளுக்குச் செய்யும் துரோகம். கீழே உள்ள வாக்கியத்தையும் முடிக்கமாட்டேன். நீங்கள் முடியுங்கள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே முடியுங்கள்.

வேலிக்குள் ஒன்று பாடத் தொடங்கியது. வெள்ளியங்கிரி ஜேசிபி ஓட்டுநரைப் பார்த்துக் கையைத் தூக்கி