நல்ல ஒயர்

அட்டைப்பெட்டிகள் கன்வேயரில் வந்துகொண்டே இருந்தன. ஆதிலட்சுமி ஒவ்வொன்றின் மேலும் ஸ்கேனரை நீட்டினாள். பீப் என்றதும் பிரிண்டர் லேபிளைத் தள்ளியது. ஒட்டிவிட்டு அடுத்ததற்குத் திரும்பினாள். திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக்காரர் பிடித்துக் கொடுத்த வேலை. ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததில் கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது.

மகள் அருள்மொழியைத் தலைப்பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். பிரஷர் இறங்கவில்லை. "ஆபரேஷன்னு சொன்னா ஒடனே போன் பண்ணச் சொல்றேன். நீ வந்தாதாம்மா நான் உள்ள போவேன்" என்று மகள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். கூடவே இருந்திருக்கலாம்தான். லீவு என்று வாயைத் திறந்தால் ஒப்பந்தக்காரர் மறுநாளே வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். சம்பந்தியம்மாளைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறி ஷிப்டுக்கு வந்துவிட்டாள்.

வந்த இடத்தில் போன் உயிரை விடப் பார்த்தது.

"சார், சார்ஜே இல்ல. ஆஸ்பத்திரிலேருந்து போன் வரும். எங்கியாவது போட்டுக்கட்டுமா?"

சூப்பர்வைசர் வீரமணி சுள்ளென்று விழுகிற ஆள் இல்லை. "இங்க பிளக்கு எங்க கீது? கம்ப்யூட்டர் பின்னாடி நீலமா ஒரு ஓட்டை கீது பாரு, அதுல சொருகு. மத்ததவிட ஸ்பீடா ஏறும். நான் தெனம் அதுலதான் போடறேன்."

மகளின் ஒயரைப் பையிலிருந்து எடுத்துச் சொருகினாள். போன் இங்கிலீஷில் ஏதோ அனுமதி கேட்டது. சார்ஜ் ஏற்றத்தான் கேட்கிறது என்று நினைத்தாள். எதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத கை, கேட்டதற்குச் சம்மதம் கொடுத்தது.

டீ நேரத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் இன்ஜினியர் அரிகரன் ஓடி வந்து ஒயரோடு போனைப் பிடுங்கினான்.

"யார் போன் இது? வெளிச் சாமான் எதையும் சொருகக் கூடாதுன்னு தெரியாதா? ஹெட் ஆபீஸ்லேருந்து கூப்பிட்டு என்னைக் கிழிக்கிறாங்க!"

மேனேஜர் ரூமில் போனைக் கண்ணாடிக் கவருக்குள் போட்டு மேசைமேல் வைத்தார்கள்.

"சத்தியமா சார்ஜுக்குத்தான் சார். சூப்பர்வைசர் சாரும் தெனம் போடறாரு."

"அப்படின்னா அவரும் இன்னேரம் மாட்டியிருக்கணுமே?" என்றார் மேனேஜர்.

"சீப்பான ஒயர்னா மாட்ட மாட்டாங்க சார்" என்றான் அரிகரன். "அதுல கரன்ட் மட்டும்தான் போகும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இது போனோட வந்த நல்ல ஒயர். டேட்டாவும் போகும், ஹெட் ஆபீஸ்ல ஒடனே காட்டிடும். இந்தம்மா பர்மிஷனும் குடுத்திருக்காங்க."

ஆதிலட்சுமி கதவோரம் நின்ற வீரமணியைப் பார்த்தாள். பேன்ட் பாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒயரை அவன் விரலால் உள்ளே தள்ளினான்.

"நீதானே சார் சொன்ன?"

"நானா? நான் எதுக்கு சார் அப்படிச் சொல்லப்போறேன்?" அவன் மேனேஜரையே பார்த்துப் பேசினான். அவனுக்கும் குடும்பம் இருந்தது. அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

"ஹெட் ஆபீஸ் ஆள் வந்து பாக்கற வரைக்கும் போன் இங்கதான் இருக்கும்" என்றார் மேனேஜர். "நீ நாளையிலேருந்து வர வேணாம்."

"வேல போனா போவுது சார். போனை மட்டும் குடுத்துடுங்க. பொண்ணு பிரசவத்துக்குப் படுத்துனு கீது."

"வெளிய போய் யார் போன்லயாவது பேசிக்க."

"நம்பர் தெரியாது சார். எல்லாம் அதுக்குள்ளதான் கீது."

அப்போதுதான் கவருக்குள் வெளிச்சம் வந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து கண்ணாடி மேசைமேல் நகர்ந்தது. மகளின் நம்பர். அவள் கையை நீட்டினாள். அரிகரன் கவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஆபரேஷனுக்குக் கூப்பிடறாங்க சார். நான் போனாதான் அது உள்ள போவும் சார்."

மணி நின்றது. மறுபடியும் அடித்தது. லேப்டாப்பில் ஹெட் ஆபீஸுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்த மேனேஜர் தலை நிமிரவில்லை.

"அரிகரன், அந்தச் சத்தத்தை நிறுத்துங்க."

கவரின் மேலாகவே அவன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினான். சத்தம் அடங்கியது. திரையில் மகளின் படம் அணையவில்லை. வளைகாப்பன்று எடுத்தது. கை நிறைய வளையலோடு அருள்மொழி சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.