லேசான ஸ்டியரிங்

பழைய காரின் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பித் தையல்காரரின் மனைவிக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. அவர், நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து பவர் ஸ்டியரிங் பெட்டியைக் கழற்றி வந்து, தானே மாட்டினார்.

மனைவி இடப்பக்கம் திருப்பினாள். கார் வலப்பக்கம் போய்ப் பூந்தொட்டியை நசுக்கியது.

“எந்தப் பக்கம்டீ திருப்புற?” என்று எரிந்து விழுந்து, அவரே ஏறி ஓட்டினார். அடுத்த தொட்டியும் போயிற்று. இறங்கிச் சோதித்தார். குழாய் சரி, பெல்ட் சரி. பின்னே என்ன, பேயா? மச்சினனைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் மச்சினன் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். “மாமா, அந்த வண்டியில இந்தப் பெட்டி சக்கர அச்சுக்கு முன்னாடி இருந்துச்சு. நீங்க பின்னாடி மாட்டினதால எல்லாம் தலைகீழ். சட்டைக்கு முதுகை நெஞ்சுல வச்சுத் தைப்பீங்களா?”

“அங்கதான்டா இடம் இருந்துச்சு.”

தையல்காரர் உடைந்த தொட்டிகளைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

“அதெல்லாம் கிடக்கட்டும். லேசா இருந்துச்சா இல்லையா, அதச் சொல்லு!”