தந்தி ஆபீஸ் லிஃப்டுக்கு எத்தனை கயிறு?

ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டுதான் தந்தி ஆபீஸ் வாசல் வரிசையில் நின்றேன். சுற்றிப் பார்க்க மொத்தம் நாற்பது நிமிடம். அதற்குள் என் மகள் என்ன சொன்னாலும் சரி, சூரியன் மேற்கே உதிக்கிறது என்றே சொன்னாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் முடிந்ததும் அவள் பக்கத்தில் போய் "நீ நல்லாப் பேசினேம்மா" என்று சொல்ல வேண்டும். அதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். கண்ணாடியிடம் நன்றாகத்தான் வந்தது.

வருடத்தில் ஒரு நாள் எங்கள் ஊரின் பெரிய கட்டடங்களையெல்லாம் பொதுமக்களுக்குச் சும்மா திறந்துவிடுவார்கள். நீதிமன்றம், பழைய பாங்க், தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், தந்தி ஆபீஸ். டிக்கெட் கிடையாது. கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள், போகிற இடமெல்லாம் அதில் ஒரு முத்திரை குத்துவார்கள். ஜனங்கள் அதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் ஆகாது. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இதே கட்டடங்களின் வயிற்றுக்குள் கிடந்தவன் நான். உச்சியில் மோட்டார் அறையையும் அடியில் குழியையும் பார்த்தவனுக்கு நடுவில் இருக்கிற பளிங்குத் தூணில் என்ன வேடிக்கை?

மச்சான் போன் செய்யாவிட்டால் நான் வந்தே இருக்க மாட்டேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவள் கண்ணை மூடிய பிறகும் மாதம் ஒருமுறை என்னைக் கூப்பிட்டுப் பேசுகிற ஒரே ஆள்.

"மாமா, உங்க பொண்ணு இந்த வருஷம் தந்தி ஆபீஸைச் சுத்திக் காட்டுறாளாம். ஞாயித்துக்கிழமை முழுக்க அங்கதான் இருப்பா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அவ பேசுற எடத்துக்கு நான் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காளே."

"போய் ஓரமா நில்லுங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டு நில்லுங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. என் நாக்கில் சனி. யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் எனக்கு உடம்பே கூசும். திருத்திவிட்டால்தான் அடங்கும். தொழில் அப்படி. ஒரு மரை தளர்ந்திருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வர முடியுமா? மகள் சின்னவளாக இருந்தபோது நான் திருத்துகிற ஒவ்வொரு தடவையும் காலை உதைத்துக்கொண்டு "தெரியும்ப்பா!" என்று கத்துவாள். எட்டு வயதில் அப்படி. பதினெட்டிலும் அப்படித்தான். பிறகு எப்போதோ அந்தக் கத்தல் நின்றுபோனது. திருத்தினால் பேசாமல் இருந்துவிடுவாள். சரி, பெரியவளாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

அவள் அம்மா போன பதினைந்தாம் நாள் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேச ஏற்பாடு செய்திருந்தாள் மகள். மைக்கைப் பிடித்தாள். "செவ்வாய்க்கிழமை விடியக்காலையில அம்மா என் கையைப் பிடிச்சாங்க" என்று ஆரம்பித்தாள். முதல் வரிசையிலிருந்து நான் "புதன்" என்றேன்.

புதன்தான். நான் சொன்னது சரிதான். அதுதான் கேவலம்.

மகள் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இனிமே நான் பேசுற எடத்துல நீங்க இருக்க வேண்டாம்" என்றாள். அதோடு சரி. நாலு வருடம். போன் செய்தால் எடுக்க மாட்டாள். வீட்டில் நான் தட்டு வைத்துச் சாப்பிடும்போது ரேடியோவைப் போட்டுக்கொள்கிறேன். செய்தி வாசிக்கிறவரைத் திருத்துகிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

பன்னிரண்டு மணிச் சுற்றுக்கு இருபது பேர். மகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். எப்போது பார்வை குறைந்தது, யார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். பதினெட்டு, பத்தொன்பது. என்னிடம் வந்ததும் விரல் நின்றது. "இருபது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். போகச் சொல்லவில்லை. அதுவே பெரிது என்று உள்ளே போனேன்.

நன்றாகப் பேசினாள். பெற்றவன் என்பதற்காகச் சொல்லவில்லை. தந்தி வாங்கிய ஜன்னல்கள், காசு கணக்குக்கு வார்த்தைகளை எண்ணிப் பார்த்த மேசைகள், அவசரச் செய்தி கொண்டுபோனவர்கள் உட்கார்ந்த நீள பெஞ்சு, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தமாதிரி சொன்னாள். படியேறும்போது, "மெதுவா வரலாம், ஒண்ணும் அவசரமில்ல" என்று பொதுவாகச் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் முட்டி தேய்ந்தவன் நான் ஒருத்தன்தான்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட். பழைய காலத்துக் கம்பிக் கூண்டு. ஓடவிடாமல் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் கம்பி வலை என்பதால் மேலே போகிற கயிறு, கீழே இருக்கிற குழி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நான் சர்வீஸ் பார்த்த லிஃப்ட். அதன் ஒவ்வொரு மரையும் என் கைக்குத் தெரியும்.

"இந்தக் கூண்டைத் தாங்குறது கம்பிக் கயிறு" என்றாள் மகள். "மொத்தம் நாலு."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு! ஆறு கயிறு! கண் முன்னால் தொங்குகிறது, எண்ணிப் பார்த்தால் தெரியாதா? நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

"நாலே நாலு கயிறு" என்று மறுபடியும் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "இதைப் பத்தி யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

தொப்பி போட்ட ஒரு ஆள் கை தூக்கினான். "பாத்ரூம் எந்தப் பக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வழி காட்டினாள். "வேற யாருக்காவது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஏகப்பட்ட பெருமை. பார்த்தாயா, என்னால் முடியும், உன் அப்பா மாறிவிட்டான், வேண்டுமானால் நாற்பது கயிறு என்று சொல்லு, நான் அசைய மாட்டேன். இப்படியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டு கடைசிப் படிவரை இறங்கினேன்.

வாசலில் ஒவ்வொருவராக அவளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன்.

"வந்ததுக்கு நன்றி, சார்" என்றாள். "வெளிய போற வழி அந்தப் பக்கம்."

சார். கண்ணாடியிடம் சொல்லிப் பழகியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவள் காட்டிய பக்கம் போனேன். வாயை மூடினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு. பின்னே நான் என்னதான் செய்ய வேண்டும்?

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்த வீட்டுக்குள் நுழைகிற தைரியம் எனக்கு எப்போதும் கிடையாது. கால் போன போக்கில் நடந்து, சாலையோர பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுந்து, மூன்று மணி வாக்கில் பழைய பாங்க் வாசலில் ஒரு வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் நிற்கிறார்களே என்று நானும் நின்றேன். பாதாள அறையின் இரும்புக் கதவைக் காட்டுகிறார்களாம்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். முத்திரைப் புத்தகத்தை விரித்து ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இதோட ஏழு ஆச்சு. நீங்க எத்தனை பார்த்தீங்க?" என்றாள்.

"ஒண்ணு. தந்தி ஆபீஸ்."

"அடடே! நான் காலைல பத்து மணிக்கே பார்த்துட்டேன். அந்தப் பொண்ணு என்னமா பேசுறா, இல்ல? அதுலயும் அந்த லிஃப்ட் கயிறு கதை! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"நாலு கயிறுல என்ன கதை?" என்றேன். பேச்சு கொடுக்கிற மனநிலையில் நான் இல்லை.

"நாலு இல்ல சார், ஆறு" என்று அந்த அம்மா என்னைத் திருத்தினாள். "ஆறு கயிறு. அவ அப்பாதான் மாட்டினாராம். ஒரு கயிறே தாங்கும், மீதி அஞ்சும் நம்ம பயத்துக்குன்னு சொல்வாராம். சின்ன வயசுல லிஃப்ட் ஏறப் பயந்து அழுதப்போ அப்படிச் சொல்லித்தான் ஏத்துவாராம். இப்பவும் எந்த லிஃப்ட்ல ஏறினாலும் மனசுக்குள்ள ஆறு எண்ணிட்டுத்தான் ஏறுவாளாம்."

வரிசை நகர்ந்தது, நான் நகர மறந்துவிட்டேன்.

"அவங்க அப்பா இப்ப இருக்காரான்னு கேட்டேன்" என்றாள் அந்த அம்மா. "இதே ஊர்லதான் இருக்கார், பேசுறதில்லன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, வேற எதுவும் கேக்கல."

பத்து மணிக்கு ஆறு. பன்னிரண்டு மணிக்கு நாலு. ஆறு எண்ணாமல் லிஃப்டில் ஏறாதவள், என்னை வைத்துக்கொண்டு நாலே நாலு என்று இரண்டு தடவை சொல்கிறாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறாள். ஏதாவது சொல்லணுமா என்று கேட்கிறாள், மறுபடியும் கேட்கிறாள். அட முட்டாளே, முட்டாளே! அவள் கூட்டத்தையா கேட்டாள்? நாலு வருடத்துக்கு அப்புறம் ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கிறேன்.

"சார், எங்க போறீங்க? நம்ம முறை வரப்போகுது!"

முட்டி வலியோடு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன். இரண்டு சிக்னல். இரண்டிலும் சிவப்பு. தந்தி ஆபீஸ் வாசலை எட்டியபோது நாலு மணி தாண்டிவிட்டது. காவலாளி கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆள் நிரம்பிடுச்சு சார். கடைசிச் சுத்து மேல போயாச்சு."

"நான் மேல போகணும்ப்பா. சுத்திக் காட்டுற பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்தை."

"தொந்தரவு பண்ணாதீங்க சார். அவங்க முடிச்சுட்டு அப்படியே பின்வாசல் வழியா கிளம்பிடுவாங்க. அடுத்த வருஷம் வாங்க."

அடுத்த வருடமாம். எனக்கு அறுபத்தெட்டு வயது.

"தண்ணியாவது குடிச்சுக்கறேன்" என்றேன். என் மூஞ்சியைப் பார்த்து என்ன நினைத்தானோ, உள்ளே விட்டான். தண்ணீர்க் குழாய் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. லிஃப்ட் குழியின் அடிப்பாகமும் அங்கேதான். நான் குழாயடிக்குப் போகவில்லை. கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குழியைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். மேலே பேசுவது கீழே அப்படியே கேட்கும், கீழே பேசுவது மேலே கேட்கும். கீழே நான், உச்சியில் இன்னொரு மெக்கானிக் என்று எத்தனையோ தடவை இப்படிக் கத்திக் கத்தித்தான் வேலை பார்த்திருக்கிறோம். மூன்றாவது மாடியில் காலடிச் சத்தங்கள் வந்து நின்றன. பிறகு அவள் குரல். நாள் முழுக்கப் பேசிக் கம்மியிருந்தது.

"இந்தக் கூண்டைத் தாங்குறது கம்பிக் கயிறு. மொத்தம்..."

"ஆறு!" என்று கத்தினேன்.

என் குரல் குழிக்குள் மேலே ஏறிப் போனது. காவலாளி "சார்! சார்!" என்று ஓடி வந்தான். நான் விடவில்லை.

"நாலு இல்லம்மா! ஆறு! நீ தப்பாச் சொன்னே, ஆறு!"

மேலே ஒரு சத்தமும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. காவலாளி என் தோளைப் பிடித்து, "என்ன சார் இது, வயசானவரு இப்படிக் கத்தலாமா, வாங்க வெளிய" என்று இழுத்தான். நான் வலையை விடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கூண்டுக்கு ஈடாகக் கீழே தொங்குகிற இரும்பு எடைக்கு, மேலேயிருந்து ஆறு கயிறும் நேராக இறங்கி வந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதை எண்ணும்போது தரையைக் காலால் ஓங்கி உதைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்ப்பா!"

காவலாளி கையை எடுத்துவிட்டான். "யாரு சார் அது?" என்றான். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை.