வச்சுக்கோ

செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை, அதற்குள் பெரியவளின் கண் அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. தங்கை புதிதாக வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டின் முன்னறை அது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், நாலு இழுப்பறைகள் வைத்த ஒரு மர அலமாரி. ஜன்னல் வழியே வந்த வெயில் அதன் மேல்பலகையில் விழுந்து, அங்கேயே தங்கிவிட முடிவு செய்ததுபோல் கிடந்தது. கடுந்தேநீரின் நிறம். அந்த நிறத்துக்குள் ரேகைகள் நீளமாக ஓடிவந்து, நடுவில் ஓரிடத்தில் எதையோ மறந்துபோனதுபோல் சுழித்து நின்று, மறுபடியும் ஓடின. மிக உயரத்திலிருந்து ஓர் ஆற்றைப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எங்கடி வாங்கினே இதை?" என்றாள். "கொன்னுட்டே போ. இந்த மாதிரி ஒண்ணுதான் நானும் எத்தனை நாளா தேடிட்டிருக்கேன். கடை எங்கேன்னு சொல்லு முதல்ல."

சின்னவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அக்கா கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். அக்காவின் முகத்தில் கேலி இல்லை என்று தெரிந்ததும் நிலைப்படியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது உன்னோடதுதான்க்கா!"

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இருந்திருந்தால் பெரியவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மூன்று மாதத்துக்கு முன்பு, புது சோபா வந்த அன்று, இடம் போதாமல் வாசலுக்குத் தள்ளிய சாமான் அது. அவள் வீட்டில் முன்னால் குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. வந்த புதிதில் அவளே ஒரு டப்பா வெள்ளை எனாமல் பெயிண்ட் வாங்கி அடித்தாள். ஏழு வருடத்தில் வெள்ளை பல்லின் மஞ்சளுக்கு வந்துவிட்டது. ஒரு கைப்பிடி போய் அந்த இடத்தில் நாடா கட்டியிருந்தது. பழைய சாமான்காரர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தூக்குகிற கூலியை நீங்கள் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதே வாரம்தான் தங்கை, துணிமணியை அட்டைப்பெட்டியில் வைத்துக் குடும்பம் நடத்துவதாகப் போனில் சொன்னாள். பெரியவள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தபடி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் சீட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "அந்த வெள்ளை அலமாரி இருக்கில்ல, அதை நீ வச்சுக்கோ."

"உன் வெள்ளைக்குக் கீழே பச்சை இருந்துதுக்கா," சின்னவள் கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனாள். "பச்சைக்குக் கீழே ஒரு மெரூன், கண்றாவி. ஒவ்வொரு லீவு நாளும் மொட்டை மாடியில நானும் அவரும் சுரண்டு சுரண்டுன்னு சுரண்டினோம். பழைய தட்டுமுட்டுச் சாமான் வாங்கித்தானே வீட்டை நிரப்பணும், புதுசுக்கு எங்கே போறது? அந்தச் சாப்பாட்டு மேசைகூட மூணு கால்ல வந்ததுதான். நாலாவது கால் ஒரு கட்டிலோடது."

"உள்ளே இப்படி இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்பக்கம் யாருமே பெயிண்ட் அடிக்கலையே. சுவத்திலேர்ந்து திருப்பினா தெரிஞ்சிடுமே."

ஏழு வருடம். அவள் திருப்பியதில்லை. முகத்துக்குச் சாயம் பூசினாள், முதுகைப் பார்க்கவில்லை. பெரியவள் கையை மேல்பலகையில் வைத்துப் பார்த்தாள். குழந்தையின் தொடைபோல் வழவழப்பாக இருந்தது. கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் கடையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு வந்தவை. டி.வி. மேசையின் அடிப்பக்கம், தரை துடைக்கும் தண்ணீர் ஏறி, ஊறிய ரொட்டிபோல் உப்பியிருந்தது. மரத்தின் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து மரத்தூள் பலகைமேல் ஒட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்கு ஏற்கனவே தெரியும். ஆனால் ஒரே சுழி, ஒரே இடைவெளியில், மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வருவதை இன்றுதான் கண்டாள்.

சிறு வயதில் எல்லாம் பெரியவளுக்குத்தான் புதிதாக வரும். அவளுக்குச் சிறிதானதும் சின்னவளுக்குப் போகும். பாவாடை, பள்ளிக்கூடப் பை, பெயரை அழித்து மறுபெயர் எழுதிய பாடப்புத்தகம். அதற்காகத் தங்கைமேல் பரிதாபப்பட்டே அவள் வளர்ந்தாள். பரிதாபப்படுவதில் ஒரு சுகமும் இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் உடம்பில் சாக்குபோல் தொங்கிய நீலச் சட்டை, இடுப்பில் ஒரு தையல் போட்டுத் தங்கை உடம்புக்குப் போனதும், ஊரே நின்று பார்க்கிற சட்டையாக மாறிவிடும். கொடுத்த பிறகுதான் அது அழகாகும். அந்த நீலச் சட்டையை அவள் திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இருபத்தைந்து வருடம் கழித்து, டி.வி. மேசை முன்னால் நின்றுகொண்டு தோன்றியது.

"உன் பொறாமைக்கு ஒரு லிஃப்ட் வச்சா, மாடி முடிஞ்ச பிறகும் மேல போயிட்டே இருக்கும்," என்றார் அவள் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

"எனக்கென்ன பொறாமை? நல்லா இருக்கட்டும். நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

"பல்லைக் கடிக்காம சொல்லு. உன் டாக்டர்கிட்டேயே போக வேண்டியிருக்கும்."

அவள் சும்மா இருந்துவிடவில்லை. பழைய சாமான் கடைக்குப் போய், தேடித் துருவி, சுழிரேகை உள்ள ஒரு சின்ன மேசையை வாங்கி வந்தாள். நிறம் போன, கறை பிடித்த மேசை. ஆனால் பின்பக்கம் பார்த்துத்தான் வாங்கினாள். உப்புத்தாள் வாங்கினாள், வார்னிஷ் வாங்கினாள், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தாள். தங்கை லீவு நாட்களில் செய்ததை அவள் ஒரே பகலில் செய்துவிடுவதாக இருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறை போயிற்று, ரேகை எழுந்து வந்தது. நடுச்சுழியில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம், யாரோ எப்போதோ வைத்த சூடான பாத்திரத்தின் தடம். அதன்மேல் சொரசொரப்பான தாளை வைத்து அழுத்தித் தேய்த்தாள். சட்டென்று ரேகை காணாமல் போயிற்று. உள்ளே கஞ்சி காய்ந்ததுபோல் வெளிறிய தூள் பலகை. மேலேயும் பின்னாலும் இருந்தது, நகத்தளவு கனம்கூட இல்லாமல் ஒட்டியிருந்த மரத்தின் தோல் மட்டும்தான். சுழி இருந்த இடத்தில் இப்போது சொட்டை.

தங்கையைப் போனில் கூப்பிட்டு இதைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். பிறகு வைத்துவிட்டு, மேசையைக் கவிழ்த்துப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரை, நண்பரின் வேனைக் கேட்டு வாங்கி வரச் சொன்னாள். காரணத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "வண்டி ஓட்டறேன். ஆனா இந்தக் காரியத்துக்கு நான் கை வைக்க மாட்டேன், ஆமா," என்றார். சொன்னதுபோலவே தங்கை வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டு, இருக்கையை விட்டு இறங்காமல் உட்கார்ந்துகொண்டார்.

சின்னவளின் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அன்று அவருக்கு வேலை நாள். அவர் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பெரியவள் வந்திருந்தாள். தண்ணீர் குடித்தாள், தங்கை மகளின் இருமலை விசாரித்தாள், பிறகு மேல்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இதை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்டி. இப்ப வீட்டுல இடம் பண்ணிட்டேன்."

"எதை?"

"அலமாரியை."

சின்னவள் புரியாமல் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "நீதானேக்கா குடுத்தே?"

"வச்சுக்கோன்னு சொன்னேன். எடுத்துக்கோன்னு சொன்னேனா?"

இந்த வாக்கியத்தை அவள் வேனில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அப்போது அது நியாயமாக, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது. அறைக்குள் வந்ததும் என்னவோபோல் ஆகிவிட்டது. ஊருக்குப் போகிறவர் சாவியை நீட்டி வச்சுக்கோ என்பார். அப்பா திருவிழாக் காசைக் கையில் திணித்து வச்சுக்கோ என்பார். இரண்டும் ஒரே சொல்தான். எதைச் சொன்னோம் என்று சொன்னவளுக்கே நினைவில்லை. கன்னம் வீங்கிய ஒருவரின் சீட்டு மட்டும்தான் நினைவிருந்தது.

"செலவானதைக் குடுத்துடறேன்," என்றாள் பெரியவள்.

சின்னவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சுவரிலிருந்து எதையோ திருப்பிப் பார்ப்பதுபோல்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது உனக்கு வேணுமா? இல்ல, என்கிட்ட இருக்கக் கூடாதா?"

"எனக்கு வேணும்," என்றாள் பெரியவள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

சின்னவள் தலையாட்டினாள். முதல் இழுப்பறையை முழுதாக உருவி எடுத்து, கட்டில்மேல் கவிழ்த்தாள். காய்ச்சல் பார்க்கும் கருவி, சட்டைப் பொத்தான்கள், வாடகை ஒப்பந்தம், மகளின் ஒற்றைக் கால் சாக்ஸ். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றும் சத்தமே இல்லாமல், எண்ணெய் போட்டதுபோல் வழுக்கி வந்தது. தன் வீட்டில் இருந்தபோது நாலாவதைக் காலால் உதைத்தால்தான் திறக்கும் என்பது பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. உதவலாமா என்று நினைத்தாள். எதில் கை வைப்பது என்று தெரியவில்லை. தங்கை அழுதிருந்தால், கத்தியிருந்தால், ஒரு வார்த்தை கொட்டியிருந்தால் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவள் எதுவும் செய்யவில்லை. பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து அலமாரிமேல் போர்த்தி, கயிறு கட்டினாள்.

"இழுப்பறையை அப்புறம் தனியா எடுத்துக்கலாம். நீ கீழ்ப்பக்கம் புடி," என்றாள்.

இரண்டாவது மாடி. படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரியவள் பின்பக்கமாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினாள். பாரம் முழுவதும் கீழே இருக்கிறவள்மேல்தான் வரும் என்று மரத்தின் விளிம்பு நெஞ்சில் வந்து பதிந்தபோதுதான் தெரிந்தது. தங்கை மேலே இருந்து பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தால் அலமாரி தன்னையும் கூட்டிக்கொண்டு தெருவரை போகும்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பெரியவள் ஒரு பக்கம் சாய்த்தாள். போர்வை விலகி, பளபளக்கும் மூலை ஒன்று வெளியே வந்து, சொரசொரப்பான சுவரை நோக்கிப் போனது. கீறப் போகிறது என்று அவள் நினைத்தாள். கீறவில்லை. மேலேயிருந்து ஒரு கை வந்து மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. உள்ளங்கை மரத்தை மூடியிருந்தது; விரல் முட்டிகள் சுவரில் உராய்ந்தன.

"கையை எடுடி. தோல் உரியும்."

"நீ திருப்பு."

கீழே வேனிலிருந்து கணவரின் குரல், வருதா என்று கேட்டது. நெஞ்சில் பாரத்தோடு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், பெரியவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணில் இன்னும் போகாத பழுப்புச் சாயம். முட்டிகளில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது; அந்த வெள்ளைக்குள்ளிருந்து, மிக மெல்லிசாக, சிவப்பு தெரிய ஆரம்பித்தது.