தரை தட்டல

ஸ்ட்ராட்டனைப் போல ஒரு கொலைகாரப் பாவியை மிசௌரி ஆறு கண்டதில்லை. எங்கள் நீராவிப் படகுக்கு அவன்தான் மேஸ்திரி. அன்று முன்னால் போன படகை முந்தியே தீருவதென்று, கொதிகலனில் மிஞ்சிய ஆவியை வெளியேற்றும் வால்வு திறக்காதபடி அதன் கைப்பிடியில் கொல்லனின் இரும்புப் பட்டடை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். அடுப்பெரிக்கும் எனக்கு, விறகோடு பன்றிக்கொழுப்பும் போடச் சொல்லி முதுகில் நாலு அடி.

என் தம்பி மலாக்கி, தளத்து ஓரத்தில் ஈயக்குண்டுக் கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துக் கத்துவான். குண்டு அடிமணலைத் தொடாத ஆழமென்றால் 'தரை தட்டல' என்பான். அதைக் கேட்டுத்தான் மேலே சுக்கானி படகை ஓட்டுவார்.

"ஏழடி! ஆறடி!"

"'தரை தட்டல'ன்னு கத்துடா நாயே! வேகம் குறைஞ்சா தோலை உரிச்சிடுவேன்," என்றான் ஸ்ட்ராட்டன்.

"தட்டுதே! பொய் சொன்னா மணல்ல ஏறிச் சாகணும். அஞ்சடி!"

ஸ்ட்ராட்டன் கையிலிருந்த கட்டை மலாக்கியின் மண்டையில் இறங்கியது. மலாக்கி ஆற்றில் விழுந்தான். தளத்துக் கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்த குண்டுக் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் இழுபட்டான். அங்கே படகைத் தள்ளும் பெரிய சக்கரம் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தது.

"ஐயோ, சக்கரத்தை நிறுத்துங்கய்யா!" என்று அலறினேன்.

இன்ஜின்காரர் ஹாஸ்கெல் கத்தினார். "முதல்ல பட்டடையை எடு! இல்லாம நிறுத்தினா ஆவிக்குப் போக்கிடம் இல்ல, எல்லாரும் சிதறிடுவோம்!"

பட்டடையிடம் ஓடினேன். ஸ்ட்ராட்டன் குறுக்கே நின்றான். "கை வெச்சே, கொன்னுடுவேன்."

கட்டையால் என் பற்களை உடைத்தான். அடுப்பில் பழுத்திருந்த கம்பியை உருவி அவன் முகத்தில் குத்தினேன். அலறிக்கொண்டு விழுந்தான். பட்டடையைக் கழற்றி அவன் நெஞ்சில் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். எழவே இல்லை, சனியன்.

ஆவி சீறியது. சக்கரம் நின்றது. மலாக்கியை இழுத்துப் போட்டபோது இடது பாதத்தைக் காணோம். வாய்விட்டு அழுதேன்.

"என்னண்ணே, சக்கரத்துக்குச் சாப்பாடு போட்டுட்டுத்தான் வந்தியா?" என்றான் மலாக்கி.

என் சட்டையைக் கிழித்து அவன் காலை இறுக்கினேன். மேலிருந்து சுக்கானி கூவினார். "ஆழம் என்னடா? யாராவது சொல்லுங்க!"

படுத்தபடியே மலாக்கி குண்டைத் தண்ணீரில் விட்டான்.

"நாலடி!"

சுக்கானி உடனே படகைப் பின்னுக்கு எடுத்தார்.

முன்னால் போன படகில் ஒருவன் கத்துவது தெளிவாகக் கேட்டது. "தரை தட்டல! தரை தட்டல!"

மணலில் மோதிய சத்தமும், கொதிகலன் வெடித்த சத்தமும் சேர்ந்தே வந்தன.