விட்டுப்போன எல்லை

ராய்ச்சூரில் ஏறிய இர்பான் எலுமிச்சை மூட்டையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, கேட்பவர் இருக்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே வந்தார். கிருஷ்ணா நதிப் பாலத்தைத் தாண்டியதும் வண்டி சிக்னலுக்காக நின்றது. "யே தெலங்கானா ஹை," என்றார், போகிறபோக்கில். பாலத்துக்கு அந்தப் பக்கம் கர்நாடகம், இங்கே கொஞ்ச தூரம் தெலங்கானா, கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் மறுபடியும் கர்நாடகம் வந்துவிடுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சந்தானம் சட்டென்று நிமிர்ந்து வெளியே பார்த்தார்.

புனேயை ஒட்டிய கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி பவுனின் அஸ்தியை வாலாஜா பக்கத்துச் சொந்த ஊரில் கரைத்துவிட்டு, மகள் பானுவோடு புனே திரும்பிக்கொண்டிருந்தார். அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்தியோடு போகிறவர் ஒவ்வொரு மாநில எல்லையிலும் ஒரு பிடி பொரியை வெளியே வீசி, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் ஆத்மா அந்த எல்லையிலேயே நின்றுவிடும். பாஷை தெரியாத இடத்தில் யாரிடம் போய் வழி கேட்கும்? போகும்போது சந்தானம் கர்நாடகம் வந்ததும் கூப்பிட்டார், ஆந்திராவில் கூப்பிட்டார், தமிழ்நாட்டில் கூப்பிட்டார். கர்நாடகத்துக்கு நடுவே இன்னொரு மாநிலம் மூக்கை நுழைத்திருக்கும் என்று யார் கண்டது? கோடு போட்டவர்கள் ரயில் பாதையைப் பார்த்தா போட்டார்கள்?

வறண்ட பாலாற்றில் ஊற்றுத் தோண்டி அஸ்தியைக் கரைத்தபோதே அவருக்கு என்னவோபோல் இருந்தது. கலயத்தில் சாம்பல் இருந்தது, பவுன் இல்லை. "எல்லா எல்லையிலயும் கூப்ட்டியா?" என்று அண்ணன் அச்சுதன் கேட்டார். "கூப்ட்டேண்ணா," என்றார் இவர். அன்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது பவுன் வந்தாள். ஏதோ ஒரு ஸ்டேஷன், கையில் கட்கி பஜாருக்கு எடுத்துப்போகும் நைலான் பை. "இது என்னா ஊருங்க?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

இப்போது ஜன்னலுக்கு வெளியே அதே ஸ்டேஷன் தெரிவதுபோல் இருந்தது. ஆளில்லாத பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், வெயில்.

பவுன் கட்கியில் பிறந்தவள். புகுந்த ஊருக்குக் கல்யாணம் காட்சி என்று ஓரிரு முறை போனதோடு சரி. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அங்கெல்லாம் தூக்கினு போவாதீங்க. அங்க எனக்கு யாரத் தெரியும்? இங்க பக்கத்துல ஆளந்தி ஆத்துலயே வுட்டுடுங்க," என்றாள். அவர்தான் கேட்கவில்லை. வகையறாவில் செத்தவர் ஒருவர்கூடப் புனேயில் தங்கியதில்லை என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதம் அவளை இந்த வெயிலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

பையைத் துழாவினார். மிச்சப் பொரி இருந்தது. பானு அவர் கையைப் பிடித்தாள். அவள் தமிழ் எப்போதும் தயங்கித் தயங்கித்தான் வரும்.

"அப்பா, நம்ம உல்டா போறோம். இப்ப கூப்ட்டா அம்மா... புனேதானே வரும்?"

"ஆமா," என்றார் சந்தானம்.

அவள் கையை எடுத்துவிட்டாள். அவர் கம்பிகளுக்கிடையே பொரியை வீசினார். "பவுனு, எல்லை வந்துடுச்சி. வா, வூட்டுக்குப் போலாம்." இர்பான் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. பானு யாரும் சொல்லாமலே கொஞ்சம் நகர்ந்து, அப்பாவுக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டாள்.

சற்று நேரம் கழித்து, "தாத்தாவையும் இந்த வழியாத்தான் கொண்டுபோனீங்களா?" என்று கேட்டாள்.

அப்பாவின் அஸ்தியையும் சந்தானம்தான் இதே வழியில் கொண்டுபோனார். அப்போது இது ஆந்திரா. பெயர்தான் வேறு, எல்லை இதே எல்லை. அப்போதும் இங்கே யாரும் கூப்பிடவில்லை. "என்னக் கட்கியில மட்டும் போட்டுடாதடா" என்று கெஞ்சியவர் அப்பா. இப்போது கூப்பிட்டால் அவரும் கட்கிக்குத்தான் வர வேண்டும். கூப்பிடாவிட்டால் மகன் தன் கண்ணெதிரே வண்டியில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சந்தானம் இன்னொரு பிடிப் பொரியை அள்ளி ஜன்னல்வரை கொண்டுபோனார். வாய் திறந்தபடியே இருந்தது. வெளியே கன்னடத்தில் எழுதிய பெயர்ப்பலகை ஒன்று ஓடி மறைந்தது. மூடிய கைக்குள் பொரி வியர்வையில் நமத்துக்கொண்டிருந்தது.